தமயந்தி எறிந்தவை

மேற்கு மலை இரண்டாகப் பிளந்து வழிவிடுகிற இடத்தில், அந்தப் பிளவு வழியாகக் காற்று வந்து வந்து ஓயாத ஓர் ஊர் இருக்கிறது, மேலக்கணவாய் என்று பேர், அங்கே காயப்போட்ட சேலை அடுத்த ஊர் வேலியில் கிடைக்கும், உதிர்ந்த முருங்கைப்பூ யார் வீட்டுக் குழம்புச் சட்டியிலாவது கிடைக்கும், பேசிய பேச்சில் பாதி கேட்பவர் காதுக்கு வராமல் மலையடிவாரத்தில் மின்சாரத்துக்கு நட்ட காத்தாடிகளின் பக்கம் போய்விடும், அதனால் அந்த ஊர்க்காரர்கள் எல்லாருமே கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவர்கள், எல்லாருமே எதையாவது ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்கிறவர்கள். அந்த ஊருக்குத்தான் இசக்கிதேவி வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

அவள் பிறந்தது கரிசல் காட்டில். அங்கே காலையில் வைத்த செம்பு சாயங்காலமும் வைத்த இடத்திலேயே இருக்கும். இங்கே வந்த நாளிலிருந்து அவளுக்கு எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை, கதவு நிற்கவில்லை, கூந்தல் நிற்கவில்லை, புருஷன் லிங்கதுரையும் நிற்கவில்லை. அவன் காத்தாடிகளில் ஏறிப் பழுது பார்க்கிறவன், இன்றைக்குக் கயத்தாறு என்பான், நாளைக்குப் பல்லடம் என்பான், வீட்டுக்கு வருகிற அன்றும் அடுத்த வண்டிக்கு நேரம் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். ஊரில் அவளுக்குப் பேர் கிடையாது. காத்தாடிக்காரன் பொண்டாட்டி என்பார்கள். யாரும் அவளிடம் நின்று பேசியதில்லை, அந்தக் காற்றில் நின்று பேசுவதும் லேசான காரியம் இல்லை. பிள்ளை பிறந்ததும் லிங்கதுரை தமயந்தி என்று பேர் வைத்தான், தேவி தமயா என்று கூப்பிட்டாள், எப்படிக் கூப்பிட்டாலும் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

தமயந்தி சுவரைப் பிடித்து நிற்கப் பழகிய ஆடி மாதத்தில் ஒரு காலை, தேவி தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, பிள்ளை கையிலிருந்த கிலுகிலுப்பையை வீசி எறிந்தாள். சத்தம் வரவில்லை. பிள்ளை எறிந்த பொருள் விழுகிற சத்தத்துக்காகத் தாயின் காது தன்னால் காத்திருக்கும், அது வராததால் தேவி திரும்பினாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், அரிசி மூட்டைக்குப் பின்னால் பார்த்தாள், நிமிர்ந்தபோது நெற்றியில் ஏதோ இடித்தது. கிலுகிலுப்பை அவள் நெற்றி உயரத்தில் அந்தரத்தில் நின்றது. பிடித்து இழுத்தாள், வரவில்லை. தொங்கிப் பார்த்தாள், அவள் கனத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. “இது வேறயா” என்று சொல்லிவிட்டு, தோசை கருகுகிற வாசம் வரவே அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மத்தியானத்துக்குள் ஒரு கரண்டி, ஒரு சீப்பு, ஒற்றைச் செருப்பு, அரைத் தேங்காய் ஆகியவை வீட்டுக்குள் வெவ்வேறு உயரங்களில் நின்றன. கோழிக்குத் தவிடு கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் செல்லக்கனி தேங்காயைச் சுற்றிக் குனிந்து உள்ளே வந்து, எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள்.

“எல்லாம் உம் பிள்ள எறிஞ்சதாட்டி?”

“ஆமாக்கா. கீழ வர மாட்டேங்கு.”

“கொடுத்து வச்சவ நீ. எம் மவன் இந்த வயசுல எறிஞ்சு எறிஞ்சு, நான் குனிஞ்சு குனிஞ்சு எடுத்து, இன்னைக்கும் எனக்கு இடுப்பு நிமிர மாட்டேங்கு” என்றாள் செல்லக்கனி. தவிடு வாங்க மறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்து பேசினாள். அந்த ஊரில் தேவியின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான்.

லிங்கதுரை வந்தான். காத்தாடிக்கு ஏறும் கயிற்றைத் தேங்காயில் கட்டி வாசல் வரை போய் நின்று இழுத்தான், கயிறு அறுந்தது. அவன் முகத்தில் கவலை வரும் என்று தேவி எதிர்பார்த்தாள். அவனோ தேங்காயைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நின்றான்.

“நான் ஏறுற உசரத்துல ஒரு ஸ்பேனர் கை தவறுனாலே கீழ நிக்கிறவன் உசுரு போயிரும் தேவி. விழுறத நெனச்சு நெனச்சேதான் எனக்கு ஒவ்வொரு நாளும் விடியுது. எம் மவ எறிஞ்சது விழல பாத்தியா? இது சாமி குடுத்ததுட்டி. போட்டு நோண்டாத.”

தேவியால் நோண்டாமல் இருக்க முடியவில்லை. விழவில்லை என்பதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிள்ளை எதையும் கையில் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவளை அரித்தது. தமயந்தி ஒரு பொருளை வாங்குவாள், எறிவாள், முன்னால் சாய்ந்து தரையைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், முகம் சுருங்கும், அடுத்த பொருளுக்குக் கை நீட்டுவாள். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை இதுதான். சிரிப்பு கிடையாது, அழுகையும் கிடையாது, ஏதோ தொலைத்ததைத் தேடுகிறவள் மாதிரி ஓர் அவசரம் மட்டும் அந்தச் சின்ன முகத்தில் இருந்துகொண்டே இருக்கும். பிள்ளைக்குப் பிடித்த விளையாட்டுச் சாமானை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அதுதான் குறை என்று தேவி நினைத்தாள். கண்டுபிடித்துவிட்டால் பிள்ளை நிற்கும், பிள்ளை நின்றால் நானும் நிற்பேன் என்று நினைத்தாள்.

அப்புறம் தேவி தேடிய தேடலை ஊரே பார்த்தது. போனில் யார் யாரோ சொல்வதையெல்லாம் கேட்டாள், மூளை வளர வளையம் அடுக்கக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தாள், சிவப்பு வளையமும் மஞ்சள் வளையமும் நீல வளையமும் ஜன்னலோரம் நின்றன. விரல் வலுப்பட மரக்கட்டை கொடுங்கள் என்றார்கள், மரக்கட்டைகள் உத்தரத்துக்குக் கீழே காக்கைக் கூட்டம் மாதிரி நின்றன. மரப்பாச்சி நின்றது, செப்புச் சாமான்கள் அடுப்போடும் அம்மியோடும் நின்றன, துணி முயல் நின்றது, ஊதல் நின்றது, பம்பரம் நின்றது, சாவி கொடுத்தால் ஓடும் ரயில் அந்தரத்தில் சக்கரம் சுழல நின்று, சாவி தீர்ந்ததும் ஓய்ந்தது. வீட்டுக்குள் நடக்க இடமில்லாமல் போய்ப் பிள்ளையைத் தெருவுக்குத் தூக்கி வந்தாள். தெருவின் வானமும், வீட்டுக்குள் நின்றதைப்போலவே முயலும் ஊதலும் செப்பும் கட்டையும் வளையமும் மரப்பாச்சியும் ஒரு சிவப்புப் பந்துமாக, நிறையத் தொடங்கியது. மேலக்கணவாய்க் காற்று எத்தனையோ கூரைகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, தமயந்தி எறிந்த ஒரு பலூனை அதனால் அசைக்க முடியவில்லை.

நாகர்கோவிலில் ஹமீது என்கிறவரின் பொம்மைக் கடைக்கு தேவி பஸ் ஏறிப் போனாள். கடைக்காரர் தட்டுத் தட்டாக எடுத்துப் போட்டார், அவள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இதை எறிவாள், இதையும் எறிவாள் என்று நகர்த்திவைத்தாள். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஹமீது கடைசியில் கேட்டார்.

“உங்க பிள்ளைக்கு என்னம்மா பிடிக்கும்? அதச் சொல்லுங்க, அதுக்குத் தக்கன எடுத்துத் தாரேன்.”

 பெற்று வளர்த்த பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையிலிருந்த தகர வாத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டாள்.

ஊர் இதற்குள் வேறு கணக்குப் போட்டிருந்தது. முதலில் செல்லக்கனிதான் தெருவில் நின்ற சிவப்புப் பந்துக்கும் துணி முயலுக்கும் நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டாள், அந்த ஊர் சரித்திரத்தில் முதன்முறையாகக் காயப்போட்ட துணி காயப்போட்ட இடத்திலேயே காய்ந்தது. அதைப் பார்த்துவிட்டு டீக்கடை அந்தோணிமுத்து தன் கடைக்கு முன்னால் நின்ற ஒரு மரக்கட்டையில் வாழைத்தாரைத் தொங்கவிட்டார், அடுத்த வாரம் ஓர் இரும்புக் கொக்கியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார்.

“பிள்ள கையில குடும்மா தேவி. இந்தப் பக்கமா எறியச் சொல்லு. கூரைக்கு ஒரு முடிச்சு போடணும், எத்தன தடவதான் தட்டியப் பறிகொடுக்க?”

அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதைத்தான் தேவி முதலில் கவனித்தாள். கொக்கியைக் கொடுத்தாள், தமயந்தி எறிந்தாள், கூரை கட்டப்பட்டது. அதற்குப் பிறகு வாசலில் ஆள் ஓயவில்லை. மாதா கோயிலுக்கு நட்சத்திரம் கட்ட ஒரு வளையம், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு டியூப்லைட் கட்ட நாலைந்து ஆணி, பள்ளிக்கூடத்து மணிக்கு ஒரு சங்கிலிக் கண்ணி, ஒரு வீட்டுக்குத் தொட்டில் கட்ட ஒரு மத்து. வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, முறுக்கு கொண்டுவந்தார்கள், நுங்கு கொண்டுவந்தார்கள், தேவியின் தலையில் வைக்கப் பிச்சிப்பூ கொண்டுவந்தார்கள், தமயந்தி அம்மா எப்படி இருக்கிய என்று விசாரித்தார்கள். காத்தாடிக்காரன் பொண்டாட்டி என்கிற பேச்சு எங்கேயோ காற்றில் போய்விட்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிள்ளையின் கையில் பொம்மைகள் குறைந்து ஆணிகளும் கொக்கிகளும் கூடிக்கொண்டு வந்ததை அவள் பார்க்காமல் இல்லை, பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைக்கோ எல்லாம் ஒன்றுதான். வாங்கினாள், எறிந்தாள், தரையைப் பார்த்தாள், அடுத்ததற்குக் கை நீட்டினாள்.

கார்த்திகையில் செல்லக்கனியின் கோழி குஞ்சு பொரித்தது. அவள் ஒன்றை முந்தானையில் பொதிந்து எடுத்துவந்தாள்.

“உசுருள்ள ஒண்ணக் குடுத்துப் பாரேன். கூட வெளையாடும். எறிய மனசு வராது.”

“வேண்டாம்க்கா. எறிஞ்சிருவா.”

“சும்மா குடுட்டி. பச்சப் பிள்ளைக்கும் மனசு உண்டு.”

தமயந்தி குஞ்சை இரண்டு உள்ளங்கையிலும் வாங்கினாள். அது கீச்கீச்சென்றது. பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டாள், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள், இதுவரை எதையும் வைத்திருந்ததைவிட அதிக நேரம் வைத்திருந்தாள், கிடைத்துவிட்டது என்று தேவி நினைத்தாள், நினைத்து முடிப்பதற்குள் பிள்ளை எறிந்துவிட்டாள். குஞ்சு செல்லக்கனி வீட்டு முற்றத்துக்கு மேலே, ஓட்டுக் கூரையைவிட உயரத்தில் போய் நின்றது. காலை உதைத்தது, இத்தனூண்டு சிறகை அடித்தது, கத்தியது, நின்ற இடத்தை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. கீழே தாய்க்கோழி அண்ணாந்து பார்த்து வட்டம் சுற்றியது. துணி காயப்போட வந்தவர்கள், டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் அதைப்போலவே அண்ணாந்து நின்றார்கள். கரண்டி அந்தரத்தில் நின்றபோது அந்த ஊருக்குத் தோன்றாத பயமும் பரிதாபமும் இப்போது தோன்றின.

செல்லக்கனி ஒரு வார்த்தை ஏசவில்லை. பின்கட்டுக்குப் போய், பப்பாளி பறிக்கிற ஏணியை எடுத்துவந்து சாய்த்தாள், ஒரு கையில் குருணையும் ஒரு கையில் சிரட்டைத் தண்ணீருமாக ஏறினாள். மறுநாள் அந்தோணிமுத்து ஏறினார். அதற்கு மறுநாள் யாரும் சொல்லாமலேயே வேறொருவர் ஏறினார். பருந்து தூக்காமல் இருக்க ஒரு பழைய முறத்தை, பக்கத்தில் நின்ற ஊதலில் கட்டிக் குடையாக்கினார்கள். குஞ்சுக்குத் தீனி வைத்தாச்சா என்பது அந்தத் தெருவில் சாப்பிட்டாச்சா என்பதுபோல ஆகிப்போனது.

தேவிக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படியில் நின்றாலும் கீச்சுச் சத்தம் காதுக்குள் கேட்டது, குளிக்கும்போதும் கேட்டது. தினமும் நான்தான் ஏறுவேன் என்று முறையை வாங்கிக்கொண்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள், கீழே விட்டுவிட்டுப் போனால் அதற்குள் தெருவில் பாதியை எறிந்துவிடும். முதல் நாள் தமயந்தி தீனிக் கிண்ணத்தில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி எறிந்தாள். குருணை, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, குஞ்சைச் சுற்றி நின்றது. குஞ்சு தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகக் கொத்தியது. நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் தீராமல், சிந்தாமல், மணிகள் அதன் அலகு உயரத்தில் காத்திருந்தன. “அட, இதுக்குத்தான் இந்தக் கை போலருக்கு” என்றார் கீழே நின்ற அந்தோணிமுத்து, எல்லாரும் சிரித்தார்கள். தேவியும் சிரித்தாள். பிள்ளை தாயின் தோளுக்கு மேலாகக் குனிந்து, கீழே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி போயிற்று, தை போயிற்று, குஞ்சுக்குச் செம்பட்டைச் சிறகு முளைத்து வால் நீண்டு அது விடைக்கோழி ஆயிற்று, தரையை மிதிக்காமலேயே வளர்ந்தது. தமயந்தியும் ஓடக் கற்றுக்கொண்டாள். பங்குனி வெயிலில் காற்று கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு முற்பகலில், தேவி பிள்ளையோடு ஏணியின் உச்சியில் நின்றபோது, கோழி ஒரு மாதிரிக் கொக்கரித்து, உடம்பைச் சிலிர்த்து, முட்டையிட்டது.

முட்டையைத் தமயந்தி எறியவில்லை. அதனால் அது மற்ற முட்டைகளைப்போல விழுந்தது. ஏணியைத் தாண்டி, கொடியைத் தாண்டி, செல்லக்கனி வீட்டு முற்றத்துச் சிமெண்டுத் தரையில் பொத்தென்று விழுந்து உடைந்தது.

பிள்ளை வழக்கம்போல முன்னால் சாய்ந்து தரையைப் பார்த்தாள். இந்தத் தடவை தரையில் ஒன்று இருந்தது. பார்த்தாள், பார்த்தாள், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், அப்புறம் அவள் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, ஏணி ஆடுகிற அளவுக்கு வந்தது, தேவி கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். தன் பிள்ளை சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

இறக்கிவிட்டதும் தமயந்தி ஓடிப்போய் உடைந்த முட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சளைத் தொட்டாள், இழுத்தாள், நீட்டினாள், ஓட்டுச் சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எறும்பு வந்தது, எறும்பைப் பார்த்தாள். வெயில் சுவரில் ஏறியது, அவள் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் சோறு ஊட்டப் போன தேவியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவு நேரம் அந்தப் பிள்ளை ஓரிடத்தில் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. கடைசியில் தமயந்தி எழுந்து வீட்டுக்குள் போனாள், ஒரு கரண்டியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். எறியவில்லை. விரல்களை விரித்தாள். டணங்கென்று விழுந்தது. எடுத்தாள், விட்டாள். டணங். எடுத்தாள், விட்டாள்.

தேவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் எறிவது விழுவதைப் பார்ப்பதற்குத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விழுவதைப் பார்க்காமலேயே இந்தப் பிள்ளை எட்டு மாதமாக எறிந்துகொண்டிருந்திருக்கிறது. நான் கடை கடையாக ஏறி இறங்கி, வளையமா கட்டையா என்று மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறேன், அவள் என்ன தேடுகிறாள் என்று ஒரு தடவை அவளோடு சேர்ந்து குனிந்து தரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து தமயந்தி புதிதாக எறிந்தவையும் விழுந்தன. அந்தோணிமுத்து கொடைக்காக ஒரு கொக்கி கொண்டுவந்து கொடுக்க, அது அவர் காலிலேயே விழுந்தது. “ஏ அம்மா!” என்று ஒற்றைக் காலில் குதித்தார், பிள்ளை கைதட்டியது. இது போனால் போகிறது என்று ஊர் சொல்லிக்கொண்டது, இருக்கிற கொக்கிகளே காலத்துக்கும் போதும். சித்திரையில் ஒருநாள் பிள்ளை தெருவில் சிவப்புப் பந்துக்குக் கீழே போய் நின்று, அண்ணாந்து, கையை நீட்டி, “வா” என்றாள். அவள் சொன்ன முதல் வார்த்தை. பந்து வந்தது. பந்தில் கட்டியிருந்த கொடியும் வந்தது, கொடியில் கிடந்த செல்லக்கனி வீட்டுத் துணி மொத்தமும் காற்றோடு போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் ஊருக்குப் பயம் பிடித்தது. டீக்கடைக் கூரை, பள்ளிக்கூடத்து மணி, மாதா கோயில் நட்சத்திரம், யார் வீட்டுத் தொட்டிலோ, எல்லாமே இந்தப் பிள்ளை ஒரு காலத்தில் எறிந்ததில்தான் தொங்கின. கூடிப் பேசினார்கள், பேசிவிட்டுப் பெரிய விளிம்பு வைத்த ஒரு துணித் தொப்பி தைத்துக் கொண்டுவந்தார்கள்.

“வெளிய வாரப்ப மட்டும் போட்டு விடும்மா” என்றார் அந்தோணிமுத்து, குரலைத் தாழ்த்தி. “மேல பாக்காம இருந்தாப் போதும். உனக்குத் தெரியாததா? நீயும் இந்த ஊர்க்காரிதானே.”

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் தேவி தொப்பியை வாங்கினாள். நாடாவைப் பிள்ளையின் தாடைக்குக் கீழே முடிந்தாள். லிங்கதுரை வந்தபோது அவனும் நல்லது என்றான்.

“எறிஞ்சதெல்லாம் விழாம இருந்துது தேவி. நீ ஏணில கொண்டுபோயி விழுறதப் படிச்சுக் குடுத்திட்ட.”

“நான் படிச்சுக் குடுக்கல அத்தான். கோழி படிச்சுக் குடுத்துச்சு.”

“எனக்குப் பயமா இருக்குட்டி. விழும்னு தெரிஞ்ச பிள்ள நாளைக்கு மாடிலருந்து எட்டிப் பாக்கும்.”

“விழும்னு தெரியாத பிள்ளதான் எட்டிப் பாக்கும்” என்றாள் தேவி. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

தொப்பிக்குள் தமயந்தி வாடினாள். விளிம்பைப் பிய்த்தாள், தலையைச் சுவரில் தேய்த்தாள், பழைய அவசரம் முகத்துக்குத் திரும்ப வந்தது. வைகாசியில் காற்று மறுபடி உக்கிரமானது. ஒரு காலையில் கோழி மேலேயிருந்து விடாமல் கத்த, முறக்குடை பிய்ந்து தொங்க, மலைப்பக்கம் பருந்து வட்டமடிக்க, பிள்ளை அதன் கீழே நின்று தலையை எத்தனை பின்னால் சாய்த்தாலும் விளிம்புதான் தெரிந்தது. அவள் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டு, குருடர்களைப்போலச் சுற்றிச் சுற்றி வந்தாள். தேவி டீக்கடை வாசலில் இருந்து இதைப் பார்த்தாள், அவள் கையில் யாரோ கொடுத்த டீ இருந்தது. டீயை அப்படியே வைத்தாள்.

“அண்ணாச்சி, கடைச் சாமான எறக்கி வையுங்க. கூரைய அவுத்துருங்க.”

“என்ன சொல்லுத?”

“தொப்பியக் கழட்டப் போறேன்.”

அந்தோணிமுத்துவின் முகம் மாறியது. “உம் பிள்ள வெளையாட்டுக்கு ஊரே கூரையப் பிரிக்கணுமா? எல்லாரும் உன்னத் தலைல தூக்கி வச்சிருந்தோமே தங்கச்சி. நெனச்சுப் பாரு.”

“நெனச்சேன் அண்ணாச்சி. ரொம்ப நாளா அத மட்டும்தான் நெனச்சிட்டு இருந்தேன்.” பிள்ளை சுற்றிக்கொண்டிருந்த பக்கம் கைகாட்டினாள். “ஊருக்காவ எறிஞ்சது போதும். அவ எறிஞ்சது அவளுக்கு வேணும்.”

தேவி வீடு வீடாகப் போனாள். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துக்கங்க என்றாள், மணிக்குக் கீழே யாரும் நிக்காதிய என்றாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, நீ வாரதுக்கு முன்னால இந்த ஊரு நல்லாத்தான் இருந்துது என்றாள். செல்லக்கனி மட்டும் உள்ளே போய் ஒரு சமுக்காளத்தை எடுத்துவந்து, ஒரு முனையைத் தேவியிடம் நீட்டினாள். அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகப் போர்வையும் சாக்குமாக வெளியே வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்கள். அந்தோணிமுத்து தனியாக நின்று கூரைக் கயிற்றை அவிழ்த்தார்.

தேவி நாடாவின் முடிச்சை அவிழ்த்தாள். காற்று தொப்பியை வாங்கிக்கொண்டு போயிற்று. தமயந்தி அண்ணாந்து கோழியைப் பார்த்தாள், இரண்டு கையையும் தூக்கினாள்.

“வா.”

கோழி வந்தது. சிறகடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, சமுக்காளத்தின் நடுவில் விழுந்தது. அதற்கு நிற்கத் தெரியவில்லை. காலை ஊன்றியது, சரிந்தது, தரை என்பது இத்தனை கெட்டியாக இருக்கும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, விழுந்த கோழியைத் தூக்கி நிறுத்தினாள், அது விழுந்தது, நிறுத்தினாள். கடைசியில் அது நின்றது, இரண்டடி வைத்தது, செல்லக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு தமயந்தி தெருவோடு நடந்தாள். ஒவ்வொன்றின் கீழும் நின்றாள், ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். வளையம் வந்தது, கட்டைகள் ஆலங்கட்டி மழைபோல வந்தன, மரப்பாச்சி வந்தது, பலூன் மட்டும் நிதானமாக வந்தது. போர்வைகளைப் பிடித்தபடி ஊர் அவளுக்குப் பின்னால் போயிற்று, சாமி சப்பரத்துக்குப் பின்னால் போவதுபோல. கோபமாக வந்தவர்கள்கூட, அந்தா அங்க ஒண்ணு, இந்தா இங்க ஒண்ணு என்று கைகாட்டத் தொடங்கியிருந்தார்கள். கொக்கியும் ஆணியும் வந்தன. பள்ளிக்கூடத்து மணி கடைசியாக ஒரு தடவை அடித்துக்கொண்டே வந்தது. டீக்கடைக் கொக்கி வந்தபோது அந்தோணிமுத்து காலை நகர்த்திக்கொண்டு, “வா ராசா” என்று தானே அதைச் சாக்கில் பிடித்தார்.

தெருவின் கோடிக்கு வந்தபோது மேலே வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஆட்கள் போர்வைகளை உதறி மடித்தார்கள். தேவி ஓரமாக நின்றாள், நாளைக்கு இந்தத் தெருவில் யார் தன்னோடு பேசுவார்கள், யார் பேசமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அத்தனை சாமானும் தரையில் கிடந்தன. இத்தனை மாதமாக அவற்றை அசைக்க முடியாமல் இருந்த காற்று அப்போதுதான் கண்டுகொண்டது. முதலில் பலூனைத் தொட்டது, பிறகு வளையத்தை நிமிர்த்தி உருட்டியது, அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளப்பிவிட்டது, வளையங்களும் பந்தும் துணி முயலும் செப்புப் பானையும் உருண்டும் புரண்டும் தெருவை விட்டிறங்கி, காத்தாடிகள் நிற்கிற பொட்டலைப் பார்த்து ஓடின.

தமயந்தி கூவிக்கொண்டு பின்னால் ஓடினாள். கொஞ்ச தூரம் போனவள் நின்றாள், திரும்பினாள், தெருவில் நின்ற அத்தனை பேரிலும் ஒரு முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கையை நீட்டினாள்.

“ம்மா. வா.”

தேவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.